ரொட்டி வெட்டுகிறவள்

என் கையால் மூன்று வேளையும் சோறு தின்கிற மனுஷன், கோயிலில் என் கையிலிருந்து ஒரு துண்டு ரொட்டி வாங்க மாட்டேன் என்று ஐந்து வருஷம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். பொன்னுதுரை என்றால் தூத்துக்குடித் துறைமுகத்தில் தெரியாத ஆள் கிடையாது. வருகிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிக் கொடுக்கிற தொழில். கப்பலில் ஏறிவிட்டால் எந்த நாட்டுச் சமையல்காரன் எதை நீட்டினாலும் வாங்கித் தின்பார். பெண்கள் சபையில் அதிகாரம் பண்ணக் கூடாது என்று வேதத்தில் எழுதிவைத்த பவுலடியார் அதற்கெல்லாம் தடை ஒன்றும் போடவில்லையாம்.

எங்கள் சபை பிரஸ்பிட்டேரியன் சபை. பஞ்சு வியாபாரத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிவிட்டுப் போன சின்னக் கோயில். எங்களுக்குப் பிஷப் கிடையாது. சபையார் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிற மூப்பர்கள்தான் போதகரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துவார்கள். திருவிருந்து அன்றைக்கு நாங்கள் எழுந்து முன்னால் போய் முழங்கால் போட மாட்டோம். உட்கார்ந்த இடத்துக்கே மூப்பர்கள் ரொட்டித் தட்டையும் திராட்சரசக் கிண்ணங்களையும் கொண்டுவருவார்கள். பக்கத்தில் நாசரேத் ஊரில் இருக்கிற என் சொந்தக்காரர்கள், "என்னளா, கல்யாண வீடு மாதிரி உங்க கோயில்ல பந்தி வைக்காங்க" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாங்களும் அதைப் பந்தி என்றுதான் சொல்லுவோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு பந்தி. அதற்கான ரொட்டியை முந்தின சாயங்காலம் மூப்பர் வீட்டுப் பெண்கள் வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அவர் மூப்பராக இருந்த காலமெல்லாம் அது என் வேலை. நாலு பக்கமும் பொருக்கைச் சீவிவிட்டு, வெள்ளைப் பாகத்தைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்ட வேண்டும். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏளா, கோணாம வெட்டு" என்பார். நான் வெட்டினதை மறுநாள் தட்டில் ஏந்திக்கொண்டு சபை நடுவே நடப்பார். ஒரு பெண்பிள்ளையின் விரல் பட்ட ரொட்டி என்று அப்போது யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

பெண்களும் மூப்பராகலாமா என்ற பேச்சு வந்தபோதுதான் வினை பிடித்தது. கூட்டம் போட்டார்கள், கூச்சல் போட்டார்கள், கடைசியில் ஓட்டும் போட்டார்கள். ஆகலாம் என்று முடிவானது. அந்த இடத்திலேயே என் வீட்டுக்காரர் எழுந்து, "பொம்பளையோட சரிசமமா உக்காந்து சபை நடத்த என்னால ஏலாது" என்று மூப்பர் பதவியை விட்டுவிட்டார். காலியான அந்த இடத்துக்குச் சபையார் சொன்ன பெயர் ஞானதீபம். நான்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்தவளுக்கு இருநூறு பேர் சபை ஒரு பெரிய காரியமா?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஏளா, வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

"ஏன் சொல்லணும்?"

"நான் சொல்லுதேன்லா."

"நீங்க சொன்னா ரொட்டி வெட்டுவேன். சபை கூப்பிட்டதுக்கு வரமாட்டேன்னு சொல்லச் சொல்ல நீங்க யாரு?"

போதகர் ஜெஃப்ரி சின்ன வயசுக்காரர். நல்ல பிள்ளைதான், ஆனால் சண்டை என்றால் சுவரைப் பார்த்துக்கொள்வார். "கருத்து வேறுபாட்டோடயே அன்பா வாழப் பழகுவோம்" என்று அவர் ஓர் ஏற்பாடு செய்தார். நடைபாதைக்கு வலது பக்கம் மூப்பர் ஜெஸ்டின் தட்டைக் கொண்டுபோவது, இடது பக்கம் நான் கொண்டுபோவது. பெண்பிள்ளை கையால் வாங்க மனசில்லாதவர்கள் வலது பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சபை கைதட்டியது. பிரிந்துபோகாமலே பிரிந்துகொள்ள எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மனசில்லாதவர்கள் எல்லாரும் வலது பக்கம் போனார்கள், என் வீட்டுக்காரரைத் தவிர. அவருடைய இடம் இடது பக்கம் இரண்டாவது பெஞ்சின் ஓரம். "எங்க அப்பா உக்காந்த இடம். நான் எதுக்கு நகரணும்?" என்று அசையாமல் அங்கேயே உட்கார்ந்தார். முதல் பந்தியில் நான் தட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். நானும் நின்றேன். பிறகு நான் அடுத்த ஆளுக்கு நகர்ந்தேன். அன்றைக்கு என் முதுகில் பதிந்த கண்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

மாதாமாதம் இதுதான் நடந்தது. போதகர் அவரிடம் போய், "ஐயா, நீங்க வலது பக்கம் உக்காந்தா என்ன?" என்று கெஞ்சுவார். என்னிடம் வந்து, "அம்மா, அவர் முன்னால நிக்காம தாண்டிப் போயிரக் கூடாதா?" என்று கெஞ்சுவார். அவர் நகர மாட்டார், நான் தாண்ட மாட்டேன். பந்தி எடுக்காமலே ஐந்து வருஷம் இருந்தார் அந்த மனுஷன். என்னிடம் தோற்க வேண்டியதில்லை என்றால் நரகத்துக்கும் போகத் தயார் என்கிற ஜாதி. அதில் நானும் குறைந்தவள் இல்லை.

அந்த முதல் பந்தி அன்று மத்தியானம் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. மேசையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு நான் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன். "என்ன, பரிமாற மாட்டியா?" என்றார்.

"என் கையால வாங்க மாட்டியள்லா? ஜெஸ்டின வரச் சொல்லுங்க, அவன் வந்து பரிமாறட்டும்."

"ஏளா, அது வேற, இது வேற."

"எது வேற?"

"அது கோயிலு. இது வீடு. போட்டுக் கொண்டா."

அவருக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். என் கை கோயிலில் பட்டால்தான் குற்றம், வீட்டில் பட்டால் ருசி. கடைசியில் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் மூப்பர் என்ற முறையில் சாப்பாட்டு ஜெபம் நான்தான் பண்ணுவேன் என்று ஆரம்பித்து, உலகத்தில் உள்ள விதவைகள், அனாதைகள், கடலில் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் எல்லாருக்காகவும் ஜெபித்தேன். குழம்பு ஆறி நெய் படிந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நீளமாகவே இருந்தது.

அவரும் சும்மா இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், "இருங்க, மூப்பரம்மா வாராக, காப்பி போட்டுத் தருவாக" என்பார். என் தம்பி செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் நான் ஜெபம் பண்ண எழுந்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் வாசலைப் பார்த்து நடந்தார். என் தம்பியின் குழிக்கு முன்னால்! மண் போடக்கூட நிற்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன், ஆனால் மன்னிக்கவில்லை.

போன வருஷம் கார்த்திகையில் துறைமுகக் கேட்டுக்கு முன்னால் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போனது, பேச்சும் அடியோடு போனது. இடது கை ஆடும். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து அழுதுவிட்டுப் பணத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். மலஜலம் எடுத்தது, துடைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் நான். கரண்டி உதட்டில் பட்டால் வாய் தானாகத் திறக்கும். ஒருநாளும் அலுக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், அந்த வாய் எனக்குத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது.

உடற்பயிற்சி கொடுக்க வருகிற சிவப்பிரகாஷ் ஒன்று சொல்லிக்கொடுத்தான். "டீச்சர், ஊட்டி முடிச்சதும் விரல்ல துணியச் சுத்தி வலது கன்னத்துக்குள்ள துடைச்சிருங்க. அந்தப் பக்கம் உணர்ச்சி கிடையாது, சோறு அங்கனயே தங்கிரும்." ஒருநாள் கசப்பு மாத்திரை ஒன்று கரையாமல் இடது கன்னத்துக்குள் இருந்தது. அவனிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "வலது பக்கம் தங்குனா நோவு. இடது பக்கம் நல்ல பக்கம்லா? அங்க தங்குனா அது அண்ணாச்சியோட குசும்பு." என் வீட்டுக்காரரும் பாதி வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பங்குனியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அதிக நாள் தாங்காது என்றார். உடனே போதகர் வந்து, "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வீட்டுலயே பந்தி கொடுத்துருவோம்" என்றார். ஜெஸ்டினும் கூட வந்திருந்தான். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறான், என் வீட்டுக்காரர் மேல் உயிரையே வைத்திருப்பவன்.

"மைனி, அண்ணாச்சி மனசு உங்களுக்குத் தெரியாததா? நான் குடுக்கேன். என் கையால வாங்குவாரு. கடைசி நேரத்துல நிம்மதியாப் போகட்டும்."

"மூப்பருக்கு ஒரு தெருன்னு சபை பிரிச்சுக் குடுத்திருக்குலா? இந்தத் தெரு யாரு பொறுப்பு, ஜெஸ்டின்?"

"உங்க பொறுப்புதான்."

"அப்ப இந்த வீட்டுக்கு மூப்பர் யாரு?"

"நீங்கதான் மைனி. ஆனா..."

"ஆனாவும் கிடையாது ஆவன்னாவும் கிடையாது. நான்தான் குடுப்பேன்."

அவன் விடவில்லை. "அண்ணாச்சிகிட்டயே கேப்போம். இடது கை ஆடுதுலா? சம்மதம்னா என் கையை அமுக்கட்டும்."

"அவருக்கு ஒண்ணும் வெளங்கல. நேத்துலேருந்து ஆளையே தெரியல" என்றேன். பச்சைப் பொய். அன்று காலையில்தான் கஞ்சியில் உப்புக் குறைவு என்று மூஞ்சியைச் சுளித்திருந்தார். ஜெஸ்டின் என்னை ஒரு பார்வை பார்த்தான். போதகர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சபைக்கு முன்னால் அந்த வாய் என் கைக்கு ஒருதடவை திறக்க வேண்டும். ஐந்து வருஷம் நான் தட்டோடு நின்றதற்கு அதுதான் பதில். செத்துப்போய்விட்டால் யாரிடம் போய் வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு நிறைய ஆட்கள். முந்தின சாயங்காலம் ரொட்டியை நானே வெட்டியிருந்தேன், கோணாமல். அவருடைய இடது கையைப் போர்வைக்குள் இறுக்கிச் செருகியிருந்தேன். குளிருக்காம். பங்குனி வெயிலில் என்ன குளிர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தட்டை நீட்டினால் அந்த வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு துண்டை எடுத்துக் கஞ்சிக் கரண்டியில் வைத்தேன். போதகர் ஜெபிக்கும்போது என் வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். ஆமென் சொல்லி முடிக்கும் முன்னால் கரண்டியால் உதட்டைத் தொட்டேன். வாய் திறந்தது. போட்டுவிட்டேன்.

கண் திறந்தது. என்னைப் பார்த்தார். வாய் மூடியது.

"ஸ்தோத்திரம்" என்று யாரோ விம்மினார்கள். பெண்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். திராட்சரசத்தை அதே கரண்டியால் விட்டேன். பாதி வலது பக்கம் ஒழுகியது, துடைத்தேன். போதகர் எல்லார் பக்கமும் திரும்பினார். "பாத்தீங்களா? அஞ்சு வருஷத்துக் கருத்து வேறுபாட்ட அன்பு ஜெயிச்சிட்டு" என்றார். ஜெஸ்டின் மட்டும் கதவுப்பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் கேக்கும் காப்பியும் சாப்பிட்டார்கள். என் கையைப் பிடித்து, "மூப்பரம்மா, உங்க பொறுமைக்குக் கிடைச்ச பலன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஆட்கள் போனதும் விரலில் துணியைச் சுற்றி வலது கன்னத்துக்குள் துடைத்தேன். சுத்தமாக இருந்தது. ஏனோ இடது பக்கமும் விரலை விட்டேன். அங்கே இருந்தது. நனைந்து ஊறியிருந்தது, ஆனால் ஒரு கடிகூடப் படவில்லை. நான் வெட்டின நாலு மூலையும் அப்படியே இருந்தன. நல்ல பக்கம்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! சாகப்போகிற மனுஷனை அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. "அவ்வளவு வைராக்கியமா? இந்தக் கையி உமக்குப் பீ அள்ளலாம், ரொட்டி குடுக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அந்தத் துண்டை மறுபடி உதட்டில் வைத்தேன். வாய் இறுகியது. கரண்டியில் கஞ்சியை எடுத்து வைத்தேன். திறந்தது, விழுங்கினார். ரொட்டியை வைத்தேன். இறுகியது. கஞ்சி. திறந்தது. அது வேற, இது வேற. பேச்சு இல்லாமலே அதைச் சொன்னார். கண்ணில் ஒரு சிரிப்பும் இருந்தது, குடையை விரித்துக்கொண்டு போன அன்றைக்கு இருந்த அதே தெனாவெட்டு.

நான் அடுப்படிக்குப் போனேன். ரொட்டியைக் கஞ்சிக்குள் போட்டுக் கரண்டியால் மசித்தேன். கொஞ்சம் உப்புப் போட்டு, நன்றாகக் கலக்கிக் கொண்டுவந்தேன். கரண்டி கரண்டியாக ஊட்டினேன். ருசித்துக் குடித்தார், உப்புச் சரியாக இருந்தது. கிண்ணத்தை வழித்துக் கடைசிக் கரண்டியும் உள்ளே போனபிறகு காதருகே குனிந்தேன்.

"ரொட்டி அதுக்குள்ளதான் இருந்தது. பூராத்தையும் முழுங்கிட்டிய."

முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஜெயித்தாயிற்று என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன்.

சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். கரண்டி உதட்டில் பட்டது, திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. "இதுல ஒண்ணும் இல்லங்க, வெறும் கஞ்சி. சத்தியமா வெறும் கஞ்சி" என்றேன். கெஞ்சினேன். நான்! கிண்ணத்தை அவர் பார்க்கும்படி சாய்த்துக் காட்டினேன். அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். வீட்டையும் கோயிலையும் அவர் தனித்தனியாகத்தான் வைத்திருந்தார். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டு மசித்தவள் நான்.

தொண்டை வறண்டு நாக்கு வெடிக்கிறதைப் பார்த்துவிட்டுச் சிவப்பிரகாஷ்தான் ஜெஸ்டினைக் கூப்பிட்டான். அவன் வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கினான். "அண்ணாச்சி, நான் ஜெஸ்டின். ஒரு வாய் தண்ணி" என்றான். வாய் திறந்தது. மடக் மடக்கென்று இறங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் கையை விரித்துப் பல வாரம் ஆகிவிட்டது, மனுஷன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். காய்ச்சல்கூட விட்டுவிட்டது. ஜெஸ்டின் மூன்று வேளையும் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்து ஊட்டிவிட்டுப் போகிறான். கஞ்சி வைப்பது நான், கிண்ணத்தில் ஊற்றித் துணி போட்டு மூடிக் கொடுப்பது நான், கொண்டுபோவது அவன். நான் உள்ளே நின்றால் வாய் மூடிக்கொள்ளும். அதனால் அடுப்படியிலேயே நின்று, "உப்புச் சரியா இருக்கான்னு கேளு" என்பேன். "சரியா இருக்காம் மைனி" என்பான்.

கோயிலில் என் பேர் கொடிகட்டிப் பறக்கிறது. எங்கள் வீட்டுப் பந்தியைப் பற்றிப் போதகர் இரண்டு பிரசங்கம் பண்ணிவிட்டார். வலது பக்கத்திலிருந்து சில குடும்பத்தார் எழுந்து இடது பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பொன்னுதுரை ஐயாவே வாங்கினபிறகு நமக்கென்ன என்கிறார்கள். என் தட்டிலிருந்து எடுக்கும்போது சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. அங்கே வந்ததும் என் கால் நின்றுவிடுகிறது.

இந்த மாதப் பந்திக்குப் போதகர் மறுபடி வீட்டுக்கு வந்தார். "ஜெஸ்டினே குடுக்கட்டும், இப்ப அவன்தான் ஊட்டுதான்" என்றேன். ரொட்டியை வெட்டி, தட்டில் அடுக்கி, ஜெஸ்டின் கையில் கொடுத்தேன். அவன் உள்ளே போனான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஜெபத்தைக் கேட்டேன், ஆமென் சொன்னேன். அவன் தட்டோடு திரும்பி வந்தான்.

"ஏலே, முழுங்கிட்டாரா?"

"முழுங்கிட்டாரு மைனி."

"இடது கன்னத்துல பாத்தியா?"

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."